விலக்குக்கு விலக்கு

தம்பு செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல்
பேப்பர்வெயிட் வைத்து
நான் படித்துக்கொண்டிருப்பது விமானங்களை.

ஒருமுறைகூட ஏறியதில்லை.
இறக்கை வளைந்தால் எவ்வளவு,
மூக்குச் சக்கரம் மடிந்தால் எவ்வளவு,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பாலிசியில், தருவோம் என்பது ஒன்றரைப் பக்கம்.
தரமாட்டோம் என்பது பதினொன்று.
லைசென்ஸ் காலாவதியான பைலட் என்றால் இல்லை.
மெடிக்கல் ஒருநாள் தாண்டியிருந்தாலும் இல்லை.
குடித்துவிட்டு ஓட்டினால் இல்லை
(இந்த ஊரில் மதுவிலக்கு
அந்த ஏழாம் பக்கத்தில் மட்டும்தான் அமலில் இருக்கிறது).
ஷெட்யூலில் பெயர் இல்லாத,
அந்த ரகத்தில் ஐந்நூறு மணி நேரம் பறக்காத எவர் ஓட்டினாலும்
இல்லவே இல்லை.

ஃபைல் நாற்பத்தொன்று.
எட்டு இருக்கை, இரட்டை எஞ்சின், மழை நாள்.
ஷெட்யூலில் பெயருள்ள கேப்டனுக்கு
தரையிறங்க இருபது நிமிடம் இருக்கையில்
நெஞ்சடைத்துத் தலை சாய்ந்தது.
பக்கத்தில் கோ-பைலட் யசோதரா,
வயது இருபத்தாறு, நானூற்று எண்பத்தேழு மணி நேரம்.
இறக்கிவிட்டாள்.
ஆறு பயணிகள் தம் காலால் நடந்து போனார்கள்.
கேப்டன் ஸ்ட்ரெச்சரில், உயிரோடு.
விமானம்தான்
திரும்பும் இடத்தில் வழுக்கி
வேலியில் போய் மூக்கை உடைத்துக்கொண்டது.

'பைலட் விலக்கு. நிராகரிக்கலாம்.'
மேனேஜர் பென்சிலால் எழுதியிருந்தார்.

முகவரி கொருக்குப்பேட்டை,
என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.
வாக்குமூலம் வாங்கப் போனால் ரயில்வே கேட் போட்டிருந்தது.
மணலி டேங்கர்கள்: நாற்பத்தாறுவரை எண்ணினேன்.
அடுத்த ரயில் வருவதற்குள்
கம்பிக்கடியில் சைக்கிளைச் சாய்த்து,
மீன்கூடையைச் சாய்க்காமல்,
ஒருவர் அக்கரை போய்ச் சேர்ந்தார்.

வாரியக் குடியிருப்பின் கொடியில் வெள்ளைச் சட்டை.
எண்ணூர்ச் சாம்பல் படியாதிருக்க
மேலே பழைய புடவையொன்று.

"பதிமூணு மணி நேரம்தானே சார் குறையுது?
இந்த கேட்டுல நான் நின்னதைக் கூட்டிப் பாருங்க.
விடியக்கால மூணு மணிக்கு
கேப் அந்தாண்ட நிக்கும், நான் இந்தாண்ட.
ஏழு தடவை வேற ஆளை ஏத்தி அனுப்பிட்டாங்க."

குனிந்து போயிருக்கலாமே என்றேன்.

"இந்தச் சட்டையிலயா?"

டீ வந்தது. பிறகு சொன்னாள்:
"எங்கம்மாவுக்கு விலக்குன்னா மாசத்துல மூணு நாள்.
நீங்க ஒரேயடியா வெளிய உக்கார வெச்சிட்டீங்க.
பேர் இருக்கறவர் கண்ணு முழிக்கிறவரைக்கும்
மேலயே சுத்திக்கிட்டு இருந்திருக்கணுமா?"

பாலிசிப்படி அதற்கு ஒரு பதில் உண்டு.
நான் அதை எழுதிக்கொள்ளவில்லை.

ராத்திரி, பதினோராம் பக்கத்தின் அடியில்,
எறும்பு சைஸ் எழுத்தில்:
'தரையில் நகர்த்தும் வேளையில்
திறமையுள்ள எவரும் இயக்கலாம்.'

எவரும்.

புகைப்படங்களைப் பரப்பினேன்.
டயரின் கறுப்புக் கோடு ஓடுதளத்தோடு முடிகிறது.
அதிலிருந்து வேலிவரை அறுபது அடி
வெறும் ஈரம்.
அங்கே அவள் இறக்கி முடித்துவிட்டாள்.
உருட்டிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

ஆறு உயிரைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு
அந்தத் தாளில் இடமில்லை.
சேர்த்த பிறகு சறுக்கியதற்கு இருக்கிறது.
வானத்தில் விலக்கப்பட்டவள்
தரை தொட்டதும் எவரும் ஆகிவிடுகிறாள்.
இதை நியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஆனால் கிளைம் நிற்கும்.

பென்சிலை அழிக்கவில்லை.
அதன் பக்கத்தில் பேனாவால் எழுதினேன்:
'மோதும்போது விமானம் பறந்துகொண்டிருக்கவில்லை.'
மேனேஜர் வாங்கி, படித்து,
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை.

சாயங்காலம் கேட் போட்டிருந்தது.
இருபத்திரண்டு வருஷத்தில்
அந்தக் கம்பிக்கடியில் நான் குனிந்ததே இல்லை.
சட்டைப்பையிலிருந்து பேனா விழுந்துவிடும் என்று சாக்கு.

பேனாவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.